வலை வளைத்தோரும் மீன் பகுத்தோரும்: மருந்து ஆக்கவுரிமை விற்பனையிற் சிறு பங்காளர் நிலை

வணிக வரலாறு எழுதுவோர் நிறுவனங்களைத் தோற்றுவித்தோரைப் பற்றியும் அவற்றை விலைக்கு வாங்கியோரைப் பற்றியுமே பெரும்பாலும் எழுதி வந்துள்ளனர். தத்தம் சிறு சேமிப்பை அந்நிறுவனங்களில் இட்டுவைத்த ஆயிரக்கணக்கானோர் அவ்வரலாறுகளில் ஓர் எண்ணாக மட்டுமே இடம்பெறுவர். பொதுமக்கள் வசமுள்ள பங்குகள் என்ற தலைப்பின் கீழ், ஆண்டறிக்கையின் ஒரு மூலையில், ஒரு நூற்றுவீதமாக அவர்கள் நிற்பர். அவர்கள் எதனை ஐயுற்றனர், அவ்வையம் நியாயமானதா, அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர் யாவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது.

இவ்வினாக்களைச் சென்னையிலே தோன்றிய ஒரு மருந்துக் கம்பனியின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அக்கம்பனியின் ஆய்வுகூடத்திற் பிறந்த மூலக்கூறொன்று ஐரோப்பாவுக்குக் கைமாறி, 2024இல் ஐக்கிய அமெரிக்காவின் அங்கீகாரத்தைப் பெற்றது. ஆயின், அது பிறந்த காலந்தொட்டுப் பங்குகளை விற்காது வைத்திருந்த சிறு முதலீட்டாளர், அவ்வெற்றி வந்த நாளில் ஏறக்குறைய வெறுங்கையினராய் நின்றனர். இஃது எவ்வாறு நிகழ்ந்தது?

பங்கும் பாடும்

ஆக்கவுரிமை, பங்கு ஆகிய இரண்டும் மேனாட்டுச் சட்டத்தின் வழி வந்த கருத்துக்கள் என்றே பாடநூல்கள் கூறும். அவற்றை ஒத்த வழக்குகள் எமது கரையோரங்களிலும் உண்டு. முல்லைத்தீவுக்குத் தெற்கே கொக்கிளாய் நோக்கிச் செல்லும் வழியில், கடனீரேரியும் கடலும் அடுத்தடுத்துக் கிடக்கும் நாயாற்றிலே பிறந்த இக்கட்டுரையாளனுக்கு அவ்வழக்குகள் வழியாகவே இப்பொருள் முதலில் விளங்கிற்று எனலாம்.

கரைவலைத் தொழிலிற் 'பாடு' என்பது ஒரு குறித்த கரைத்துண்டில் வலை வளைக்கும் உரிமை. கடல் எவர்க்கும் சொந்தமன்று. எனினும் அந்த எல்லைக்குள் பிறர் வலை வளைத்தலாகாது. ஆக்கவுரிமையும் இத்தகையதே. இயற்கையின் விதிகள் எவர்க்கும் சொந்தமல்ல. ஆனால் ஒரு புதிய மருந்தைக் கண்டவர், குறித்த ஆண்டுகள் வரை, அதனைப் பிறர் ஆக்கி விற்பதைத் தடுக்கலாம். இதனையே தமிழகத்தார் காப்புரிமை என்பர்.

'பங்கு' என்பது அடுத்த சொல். வலையும் தோணியும் சம்மாட்டியுடையவை. கயிறிழுக்கும் உழைப்பு மற்றையோருடையது. மீன் விற்ற பணத்திற் செலவு கழித்து, எஞ்சியது சம்மாட்டிக்கும் தொழிலாளருக்குமாகக் கூறிடப்படும். இங்கு மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. வலை கடலுள் கிடக்கும்போது பாடு கைமாறினாலும், அந்த வளைப்புக்குக் கயிறு பிடித்தவன் தன் கூற்றை இழக்க வேண்டும் என்று எவரும் வாதிடார். வளைப்பதற்கும் வலை கரையேறுவதற்கும் இடையே சில மணி நேரமே கழிவதால் அங்கு அறமும் கணக்கும் ஒன்றாகவே நிற்கின்றன. மருந்துத் தொழிலில் அந்த இடைவெளி பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நீளலாம். சிறு முதலீட்டாளரின் இடர்ப்பாடு யாவும் அந்நீண்ட இடைவெளியிலேயே தோன்றுகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

சட்டத்தின் திருப்பம்

இந்தியாவிலே பிரித்தானியர் காலத்து 1911ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துகளுக்கு முழு உரிமை வழங்கியது. அவ்வுரிமைகளிற் பெரும்பாலானவை அந்நியக் கம்பனிகளின் கைகளில் இருந்தமையையும், அதனால் விளைந்த தீங்கினையும் நீதிபதி ந. ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கை எடுத்துக்காட்டியது. அதன் பயனாக எழுந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்தது. அது மருந்துப் பொருளுக்கு உரிமை வழங்காது, ஆக்கும் முறைக்கு மட்டும் குறுகிய கால உரிமை வழங்கியது. பிறர் கண்ட மருந்தை வேறொரு முறையால் ஆக்கிக் குறைந்த விலைக்கு விற்கும் ஆற்றல் இந்தியக் கம்பனிகளுக்கு இவ்வாறே வாய்த்தது. இலங்கையிலும் அதே காலப்பகுதியில், பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, மருந்துகளை வணிகப் பெயரின்றிப் பொதுப்பெயராற் கொள்வனவு செய்யும் கொள்கை உருப்பெற்றமை நோக்கற்பாலது.

1995இல் உலக வர்த்தக அமைப்பு தோன்றியதும் நிலைமை மாறிற்று. மருந்துப் பொருளுக்கே இருபது ஆண்டு உரிமை வழங்க இந்தியா இணங்கியது. 2005இல் அதற்கேற்பச் சட்டம் திருத்தப்பட்டது. பிறர் மருந்தைப் பின்பற்றி ஆக்கி வந்த கம்பனிகள், தாமே புதிய மூலக்கூறுகளைக் காணவேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாயின. அதற்குரிய பெரும் பணம் வங்கிக் கடனாகவும் பொதுமக்களின் பங்கு முதலாகவும் திரட்டப்பட்டது. சிறு முதலீட்டாளர் மருந்து ஆராய்ச்சியின் பங்காளரானது இவ்வாறே.

ஒரு மருந்துக் குடும்பத்தின் பூர்வீகம்

நாம் எடுத்துக்கொண்ட கம்பனி செபலோஸ்போரின் என்னும் நுண்ணுயிர்கொல்லிக் குடும்பத்தை ஆதாரமாகக் கொண்டு வளர்ந்தது. அக்குடும்பத்தின் பூர்வீகமும் ஒரு கடற்கரையிலேயே தொடங்குகிறது. இத்தாலியின் சார்டினியத் தீவிலுள்ள காலியாரி நகரில், கழிவுநீர் கடலிற் கலக்குமிடத்தருகே, 1945இல் யுசெப்பே புரொட்சு என்னும் மருத்துவ அறிஞர் ஒரு பூஞ்சணத்தைப் பிரித்தெடுத்தார். அது நோய்க்கிருமிகளைக் கொல்வதைக் கண்ட அவர், தொடர்ந்து ஆராயும் வசதியின்மையால் அதன் மாதிரியை ஒக்ஸ்போட்டுக்கு அனுப்பினார். அங்கு எட்வேட் ஏபிரகாம், கை நியூட்டன் ஆகியோர் 1953இற் செபலோஸ்போரின் சி என்ற பொருளைக் கண்டனர்.

பென்சிலின் பிரித்தானியாவிற் கண்டுபிடிக்கப்பட்டும் அங்கு அதற்கு உரிமை பெறப்படவில்லை. அதனைப் பேரளவில் ஆக்கும் முறைகளுக்கு அமெரிக்கக் கம்பனிகள் உரிமை பெற்றன. இந்தப் பாடத்தின் பின்னர், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய ஆராய்ச்சி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தைப் பிரித்தானிய அரசு அமைத்தது. செபலோஸ்போரின் உரிமைகள் அதன் கையிலேயே இருந்தன. அது உரிமையை ஒரேயடியாக விற்றுவிடாது, பல கம்பனிகளுக்கு அனுமதி வழங்கிப் பல்லாண்டு உரிமைப்பணம் பெற்றது. ஏபிரகாம் தமக்கு வந்த உரிமைப்பணத்தின் பெரும்பகுதியை ஆராய்ச்சி நிதியங்களாக்கி ஒக்ஸ்போட்டுக்கே வழங்கினார்.

இதிலிருந்து நாம் பெறும் உண்மை எளியது. ஆராய்ச்சிக்குப் பணமிட்டது பொதுநிதி. பலனைப் பெற்றதும் பொதுநிறுவனமே. அரசும் பல்கலைக்கழகமும் எளிதில் மாள்வனவல்ல; பதினைந்து ஆண்டானாலும் காத்திருக்க வல்லவை. கடன் சுமந்த தனியார் கம்பனிக்கும் அதன் சிறு பங்காளருக்கும் அந்த நீண்ட ஆயுள் வாய்ப்பதில்லை.

சென்னைக் கம்பனி

ஓர்க்கிட் கெமிக்கல்ஸ் அண்ட் பார்மசூட்டிக்கல்ஸ் என்னும் கம்பனியைக் கே. ராகவேந்திர ராவ் 1992இற் சென்னையில் நிறுவினார். சென்னைக்குத் தெற்கே ஆலத்தூரில் அமைந்த அதன் தொழிற்சாலை 1994இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. செபலோஸ்போரின் மூலப்பொருள்களை ஆக்கி ஏற்றுமதி செய்வதே அதன் முதன்மைத் தொழில். பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டுச் சந்தையிற் பட்டியலிடப்பட்டன. பின்னர் சோழிங்கநல்லூரில் ஆய்வுகூடம் எழுந்தது. தமிழகத்து நடுத்தரக் குடும்பங்களுக்கு அது தம் மாநிலத்தின் பெருமையாகவும் தோன்றியிருத்தல் இயல்பே.

வளர்ச்சி கடனாலே தாங்கப்பட்டது. 2008 மார்ச்சில், அமெரிக்க நிதி நெருக்கடியின் அதிர்வோடு, அதன் பங்கு விலை மிகக் கடுமையாக வீழ்ந்தது. 2009 டிசெம்பரிலே, தனது ஊசிமருந்துத் தொழிற்பிரிவை அமெரிக்காவின் ஹொஸ்பிரா கம்பனிக்கு 400 மில்லியன் டொலருக்கு விற்க ஓர்க்கிட் இணங்கியது. 2010 மார்ச்சில் அவ்விற்பனை நிறைவேறியது. கடன் குறைந்தது, ஆனால் தீரவில்லை; வருவாய் தந்த பிரிவு போய்விட்டது. 2012இல் மற்றொரு பகுதியையும் அதே கம்பனிக்கு விற்க ஒப்பந்தமாகி, 2014இல் அதுவும் கைமாறியது.

இந்த இறங்குமுகத்தின் நடுவிலேயே நமது மூலக்கூறு நிற்கிறது. நோய்க்கிருமிகள் சில, பீற்றா லக்டமேசு என்னும் நொதியத்தைச் சுரந்து, தம்மைத் தாக்கவரும் செபலோஸ்போரினைச் சிதைத்துவிடும். அந்நொதியத்தை முடக்கி மருந்தைக் காக்கும் துணைப்பொருளொன்றை ஓர்க்கிட் ஆய்வாளர் கண்டனர். பின்னாளில் என்மெற்றசோபக்ரம் எனப் பெயர் பெற்ற அதனைச் செபபீம் என்னும் செபலோஸ்போரினோடு சேர்த்து வழங்கலாம். ஆனால் மனிதரிற் சோதிக்கும் செலவைத் தாங்கும் வலிமை கம்பனிக்கு இருக்கவில்லை. 2013இல், அதே ஆண்டில் ஐரோப்பாவில் நிறுவப்பட்ட அலெக்ரா தெரப்பியூட்டிக்ஸ் என்னும் சிறு கம்பனிக்கு அதன் உலகச் சந்தை உரிமை கையளிக்கப்பட்டது. மருந்து வெற்றிபெறின், விற்பனையில் ஒரு வீதம் ஓர்க்கிட்டுக்கு வரும் என்பது ஏற்பாடு.

ஐயங்கள்

அந்நாளில் ஓர்க்கிட் பங்குகள் சிலவற்றை வைத்திருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரை எண்ணிப் பார்ப்போம். அவர் மனத்தில் எழக்கூடிய ஐயங்களை நான்காக வகுக்கலாம்.

முதலாவது விலை பற்றியது. நிலத்துக்கும் நெல்லுக்கும் சந்தை விலை உண்டு. சோதனை முடியாத மூலக்கூறுக்கு விலை கூற வல்லவர், அதன் ஆய்வுத் தரவுகளைக் கண்டவர் மட்டுமே. விற்பவரும் வாங்குபவரும் அவற்றைக் காண்பர்; சிறு பங்காளர் செய்தித்தாளில் வந்த நான்கு வரிகளையே காண்பார்.

இரண்டாவது அதிகாரம் பற்றியது. ஒரு தொழிற்பிரிவை முழுதாக விற்பதாயின் பங்காளரின் ஒப்புதல் கோரப்படும். தனியொரு மூலக்கூறின் உரிமையைக் கையளிக்கப் பணிப்பாளர் சபையின் தீர்மானமே பொதுவாகப் போதுமானது. ஐந்தொகையில் அந்த மூலக்கூறு சிறியதாகவே தோன்றும். நாளைய பெறுமதிக்கு அதில் இடமில்லை.

மூன்றாவது விற்றுவந்த பணத்தின் போக்குப் பற்றியது. கடன் மிகுந்த கம்பனியில் வரும் பணம் முதலிற் கடன்காரரிடமே செல்லும். நாற்பது கோடி டொலர் வந்தும் கடன் நின்றதைக் கண்ட பங்காளர், மூலக்கூறால் வரக்கூடியதும் அவ்வழியே செல்லும் என ஐயுறுதல் பிழையன்று.

நான்காவதும் மிக முதன்மையானதும் காலம் பற்றியது. மருந்து அங்கீகாரம் பெறப் பத்தாண்டு செல்லுமாயின், அதுவரை கம்பனி நிலைக்குமா? நிலைப்பினும் தன் பங்கு நிலைக்குமா?

இவ்வையங்களைக் கொண்டு விற்பனையே தவறு என முடிவுகட்டுதல் நேர்மையாகாது. ஐதராபாத்து டாக்டர் ரெட்டீஸ் கம்பனி 1998இல் ரகாகிளிட்டசார் என்னும் நீரிழிவு மூலக்கூறின் உரிமையை டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் கம்பனிக்கு அளித்தது. 2002 ஜூலையில், எலிவகை விலங்குகளிற் சிறுநீர்ப்பைக் கட்டிகள் காணப்பட்டமையால், மனிதரில் நடந்துகொண்டிருந்த சோதனைகள் நிறுத்தப்பட்டன. அச்சோதனைச் செலவைத் தாங்கியது வாங்கிய கம்பனியே. தனியே அதனைச் சுமந்திருப்பின், அந்தச் சுமை ரெட்டீஸ் பங்காளர் மீதே வீழ்ந்திருக்கும். மூலக்கூறுகளிற் பெரும்பாலானவை இடைவழியில் மடிவனவே. ஆகவே வலிமையற்ற கம்பனி தன் மூலக்கூறை வலியார் கையிற் கொடுத்தல் விவேகமே. நமது வினா விற்றது சரியா என்பதன்று; விற்பின்போது வைக்கப்பட்ட எதிர்கால உரிமை யாரைச் சென்றடைந்தது என்பதே.

வங்குரோத்தும் வெற்றியும்

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு வங்குரோத்துச் சட்டத்தின் கீழ், 2017 ஆகஸ்டிலே தேசியக் கம்பனிச் சட்ட நியாயசபையின் சென்னை அமர்வு ஓர்க்கிட் மீதான வழக்கை ஏற்றது. கடன்காரரின் கோரிக்கை 3,000 கோடி ரூபாவுக்கும் மேற்பட்டது. முதலில் ஏற்கப்பட்ட மீட்புத் திட்டம் பணம் செலுத்தப்படாமையால் முறிந்தது. பின்னர் தனுக்கா லபோரட்டரீஸ் முன்வைத்த, ஏறத்தாழ 1,100 கோடி ரூபா பெறுமதியான திட்டம் 2019இல் ஏற்கப்பட்டு, மேன்முறையீட்டில் நிராகரிக்கப்பட்டு, 2020 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தால் மீண்டும் நிலைநாட்டப்பட்டது.

அத்திட்டத்தின்படி பழைய பங்கு முதல் பெரும்பாலும் அழிக்கப்பட்டது. புதிய உரிமையாளர் வசம் ஏறத்தாழ 98 வீதம். பொதுமக்கள் வசம் எஞ்சியது ஏறத்தாழ அரை வீதம். 2020 நவம்பரில் 18 ரூபா அளவில் மீண்டும் பட்டியலிடப்பட்ட பங்கு, 2021 ஏப்ரலுக்குள் 2,000 ரூபாவைக் கடந்தது. விற்பதற்குப் பங்குகள் ஏறக்குறைய இல்லாதிருந்தமை அவ்வேற்றத்துக்கு ஒரு காரணம். பழைய பங்காளர் அதனைக் கரையில் நின்று பார்த்தனர்.

இதற்கிடையில் மூலக்கூறு தன் வழியே சென்றுகொண்டிருந்தது. சிக்கலான சிறுநீர்த்தொகுதித் தொற்றுடைய ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடையே நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2022இல் வெளியாயிற்று. புதிய மருந்துச் சேர்க்கை பெற்றோரில் 79.1 வீதத்தினரும், வழக்கிலிருந்த மருந்து பெற்றோரில் 58.9 வீதத்தினரும் முழு வெற்றி கண்டனர். 2024 பெப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதனை அங்கீகரித்தது. அடுத்த மாதம் ஐரோப்பிய அங்கீகாரமும் கிட்டியது. இந்தியாவிலும் அதே ஆண்டில் அம்மருந்து சந்தைக்கு வந்தது. ஓர் இந்தியக் கம்பனியின் ஆய்வுகூடத்திற் பிறந்த புதிய மூலக்கூறு அமெரிக்க அங்கீகாரம் பெறுவது அருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. உரிமைப்பணம் ஒப்பந்தப்படி ஓர்க்கிட்டுக்கே உரியது. ஆனால் ஓர்க்கிட் என்னும் பெயருள் இருந்தோர் மாறிவிட்டனர்.

மதிப்பீடு

சட்டத்தின் பக்கத்து வாதம் வலுவானது. பங்காளர் இலாபத்தை நாடித் தாமாகவே இடரை ஏற்றவர்; கடன்காரருக்குப் பின்னரே அவருக்கு உரிமை. கடன்காரரும் முழுப்பணம் பெறவில்லை. வங்கிகள் இழந்த பணமும் வைப்பாளரின் சிறு சேமிப்பே. மீட்புத் திட்டம் இல்லாவிடின் கம்பனி கலைக்கப்பட்டு, பங்காளர் அந்த அரை வீதத்தையும் இழந்திருப்பர். ஆலத்தூர்த் தொழிலாளரும் வேலை இழந்திருப்பர். இவற்றை மறுத்தற்கில்லை.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. தொழிற்சாலை, இயந்திரம், நிலம் ஆகியவற்றின் பெறுமதியை வங்குரோத்து நாளிலேயே கணித்துவிடலாம். இடைவழியில் நிற்கும் மூலக்கூறின் பெறுமதியை அவ்வாறு கணிக்க இயலாது. கடலுள் கிடக்கும் வலையை, அதில் மீன் இல்லை எனக் கொண்டு விலைபேசுவது போன்றது அது. மீன் இருந்தால் அது புதிதாக வாங்கியவனுக்கே. வலை வளைத்தவனுக்கு அதிற் கூறில்லை. புதியவரின் துணிவுக்குப் பலன் வேண்டும் என்பது மெய்யே. முழுப்பலனும் அவருக்கேயா என்பதுதான் கேள்வி.

இக்குறைக்கு மருந்து இல்லாமலில்லை. 2011இல் பிரான்சின் சனோபி கம்பனி அமெரிக்காவின் ஜென்சைம் கம்பனியை வாங்கியபோது, ஒரு பங்குக்கு 74 டொலரோடு, ஒரு குறித்த மருந்து பின்னாளில் வெற்றிபெறின் மேலும் பணம் தரும் உரிமைத்தாள் ஒன்றையும் பங்காளருக்கு வழங்கியது. அத்தாள்கள் எதிர்பார்த்த அளவு பயன்தரவில்லை, வழக்கும் எழுந்தது. எனினும் நிறுவனம் கைமாறினாலும் மூலக்கூறின் மேலுள்ள பழைய பங்காளரின் உரிமை தனியே உயிர்வாழலாம் என்பதை அம்முறை காட்டியது. வங்குரோத்திலும் இதனையொத்த தாளைக் கடன்காரருக்கும் பங்காளருக்கும் வரிசைப்படி வழங்குவது எண்ணத்தக்கதே.

இந்தியாவிலும் சிந்தனை எழாமலில்லை. இவ்வாறு மீண்டு வரும் கம்பனிகள் மறுபடி பட்டியலிடப்படும்போது பொதுமக்கள் வசம் குறைந்தது 5 வீதம் இருத்தல் வேண்டுமென 2021இல் விதி திருத்தப்பட்டது. பழைய சிறு பங்காளர், புதிய உரிமையாளர் கொடுக்கும் அதே விலைக்குப் பங்கு வாங்க வாய்ப்பளிக்கலாம் என்ற யோசனையைச் செபி என்னும் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டுச் சபை 2022 நவம்பரில் ஆலோசனைக்கு முன்வைத்தது. சிறு முதலீட்டாளரின் ஐயம் வெறும் புலம்பலன்று என்பதற்கு இவையே சான்று.

உரிமைத்தாள் ஒருவர் கையிலும் உழைப்பும் முதலும் வேறொருவர் கையிலும் பிரிந்து நிற்பதன் விளைவை எமது கரை நன்கறியும். 1984இன் இறுதியிற் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு முதலிய ஊர்களின் மக்கள் வெளியேற நேர்ந்தது. 2009இற் போர் முடிந்து அவர்கள் மீண்டபோது, கரைவலைப் பாடுகளின் அனுமதி எவருக்குரியது என்ற பிணக்குகள் எழுந்தன. கரையில் இல்லாத காலத்தில் உரிமை கைமாறிவிடும் என்பதும், மீண்டு வந்தவன் தன் உரிமையை முதலிலிருந்து மெய்ப்பிக்க வேண்டும் என்பதும் அவ்வனுபவம் தந்த பாடங்கள். போரினால் நேர்ந்த இழப்பையும் பங்குச் சந்தை இழப்பையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. ஆனால், உரியவன் எதிரே இல்லாதபோது எழுதப்படும் ஏடுகளையே வரலாற்று மாணவன் முதலிற் புரட்டிப் பார்க்க வேண்டும் என்னும் நெறி இரண்டுக்கும் பொதுவானது.

என்மெற்றசோபக்ரத்தின் வரலாறு எழுதப்படும்போது, அதனைக் கண்ட ஆய்வாளரும், சோதித்த ஐரோப்பியரும், மீட்ட புதிய உரிமையாளரும் அதில் இடம்பெறுவர், அதுவே முறை. அவர்களோடு, ஆய்வுகூடத்து விளக்குகள் எரிந்த ஆண்டுகளிற் கம்பனியின் பங்கேட்டிற் பெயர் பதிந்திருந்தோரும் ஒரு பந்தியிலேனும் இடம்பெறல் வேண்டும். அவர்களது பெயர்கள் அந்த ஏட்டிலே இருக்கின்றன. தேடிப் பார்ப்பார்தாம் வேண்டும்.